வசந்தன் போட்ட பொய் வயர்

சிங்கப்பூருக்கு இக்கரையில் இருக்கும் தெப்ராவில் வசந்தனைப் பற்றி விசாரித்தால் முதலில் சிரிப்பார்கள். நல்ல மனுஷன், கைராசிக்காரர், ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி என்பார்கள். பொய்யில்லை. சிங்கப்பூரில் கிடைத்த வேலையையே, விடியலில் எல்லைப் பாலத்து நெரிசலில் மோட்டார் சைக்கிளில் போகப் பயந்து விட்டுவிட்டு வந்தவர் அவர். நாய் குரைத்தால் அடுத்த தெருவில் சுற்றிக்கொண்டு போவார். மனைவி பிரவீனா அணைத்துவிட்டு வந்த கேஸ் அடுப்பை இவரும் ஒருதரம் தொட்டுப் பார்த்தால்தான் தூக்கம் வரும்.

ஆனால் அந்தப் பயம்தான் அவருக்குச் சோறு போட்டது. எக்ஸ்கவேட்டர், புல்டோசர் மாதிரி பெரிய மெஷின்களின் இன்ஜினுக்குள் எங்கெங்கோ சென்சார்கள் உட்கார்ந்திருக்கும். சூடு எவ்வளவு, எண்ணெய் அழுத்தம் எவ்வளவு என்று அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்வது அவற்றின் வேலை. கணக்கு சரியில்லை என்றால் ஆபரேட்டர் முன்னால் சிவப்பு விளக்கு எரியும். இன்ஜினுக்குத்தான் நோயா, இல்லை நோயைச் சொல்லும் சென்சாருக்கே நோயா என்று கண்டுபிடிப்பதுதான் வசந்தனின் பிழைப்பு. பயந்த மனுஷன் என்பதால் எதையும் நம்பமாட்டார். லேப்டாப் திரை என்ன சொன்னாலும், எண்ணெய்க் குழாயில் தன்னுடைய முள் மீட்டரைப் பூட்டி, அழுத்தத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு வியாழக்கிழமை பயப்பட மறந்துபோனார்.

பத்து பாகாட் என்ற ஊரின் கடலோரத்தில் அலைத் தடுப்புக் கரை கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே எக்ஸ்கவேட்டர் ஓட்டியது லெட்சுமணன், பிரவீனாவின் அண்ணன். அப்பா போன பிறகு தங்கையைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவர். எண்ணெய் அழுத்த விளக்கு விட்டு விட்டு எரிகிறது, இன்ஜின் இழுக்கமாட்டேன் என்கிறது என்று அவர்தான் வசந்தனைக் கூப்பிட்டார். வசந்தன் போய்ப் பார்த்தார். சென்சார் வயர் ஓர் இரும்புப் பட்டையில் உரசித் தோல் கிழிந்திருந்தது. உப்புக் காற்றில் ஓடும் மெஷினில் வயரும் சென்சாரும் கெட்டுப்போவது அன்றாடக் கதை. டேப் சுற்றினார். அப்படியும் விளக்கு எரிந்தது. சரி, சென்சாரும் போச்சு என்று முடிவுகட்டிவிட்டார்.

கையில் புதுச் சென்சார் இல்லை. அதற்கும் இந்தத் தொழிலில் ஒரு வழி உண்டு. பழைய சென்சாரைக் கழற்றித் துளையை அடைத்துவிட்டு, வயரில் சின்னதாக இரண்டு ரெசிஸ்டர்களைக் கோத்துவிடுவார்கள். எண்ணெய் எப்படி இருந்தாலும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அது கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பொய் வயர் என்பார்கள். சாமான் வரும்வரை வேலை நிற்காது. வசந்தன் அதைப் போட்டார். முள் மீட்டரை மட்டும் பூட்டவில்லை. கடல் ஏறிக்கொண்டிருந்தது, இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது, கிழிந்த வயர் வேறு கண்முன்னால் இருந்தது. ஒரு பிரச்சினையும் இல்லை என்று மச்சானிடம் சொல்லிவிட்டு, பழைய சென்சாரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் மதியம் அவர் பட்டறைக்குப் புதுச் சென்சார் வந்து சேர்ந்தது. வழக்கப்படி அதைச் சோதித்தார். காற்று கம்ப்ரஸரில் மாட்டி அழுத்தத்தை ஏற்ற ஏற்ற, எண்களும் ஒழுங்காக ஏறின. பழையது எவ்வளவு உளறுகிறது பார்ப்போமே என்று அதையும் மாட்டினார். புதியது என்ன சொன்னதோ, அச்சு அசலாக அதையே அதுவும் சொன்னது. வயரை ஆட்டினார், சென்சாரைத் தட்டினார், மறுபடி காற்றை ஏற்றினார். உளறவே இல்லை.

அப்படியானால் அழுத்தம் நிஜமாகவே குறைந்திருக்கிறது. எண்ணெய் சரியாகப் போகாத இன்ஜின் எந்த நிமிடமும் இறுகி நின்றுவிடும். அதுவும் எங்கே? கரைக்கு வெளியே, கடல் வற்றும்போது மட்டும் தெரிகிற சேற்றில். அங்கே மெஷின், தடித்த கட்டைகளைச் சேர்த்துக் கோத்த மரப்பாய்களின் மேல்தான் நிற்கும். பின்னாலிருக்கும் பாயைத் தானே தூக்கி முன்னால் போட்டுப் போட்டுத்தான் நகர முடியும். இன்ஜின் நின்றால் அங்கேயேதான். இறங்கி நடக்கலாம் என்றால் சேறு இடுப்புவரை இழுக்கும். பின்னாலேயே கடல் வரும்.

மச்சானுக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. சேற்றில் விழுந்துவிடும் என்று அவர் போனைக் கரையில் லாரியிலேயே வைத்துவிட்டுப் போகிறவர். சூப்பர்வைசருக்கு அடித்தார், அதுவும் அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் வெள்ளிக்கிழமை என்பது உறைத்தது. எல்லோரும் தொழுகைக்குப் போயிருப்பார்கள். மச்சான் ஒருவர்தான் கரைக்கு வெளியே வேலை செய்துகொண்டிருப்பார்.

வேகத்துக்கு நடுங்குகிற மனுஷன் அன்று நெடுஞ்சாலையில் எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. ஆயர் ஈத்தாமில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியபோது இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டுவிட்டார். முருகா, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், முருகா, என்று வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. பிரவீனாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. அதைப் பார்க்க முடியாமல் சத்தமாக வேண்டத் தொடங்கினார்.

கரையில் ஏறியபோது இன்ஜின் சத்தம் கேட்டது. அழுகையே வந்துவிட்டது அவருக்கு. ஆனால் காது வேறொன்றையும் பிடித்தது. சத்தத்துக்குள்ளே ஒரு தட்டல், இரும்பு இரும்பில் மோதுகிற தட்டல். கடல் மரப்பாயின் ஓரத்தைத் தொட்டுவிட்டிருந்தது. வசந்தன் சட்டையைக் கழற்றி ஆட்டினார், தொண்டை கிழியக் கத்தினார். லெட்சுமணன் பார்த்தார். இப்போது கத்த வேண்டியது என்ன? நிறுத்து என்றால் நின்ற இடத்திலேயே மாட்டிக்கொள்வார். வா என்றால் அவசரத்தில் இன்ஜின் வழியில் நின்றுபோகும். வசந்தன் உள்ளங்கையைக் கீழே தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினார். மெதுவா, மெதுவா, வந்துடுங்க.

லெட்சுமணன் இன்ஜினைத் தணித்து, ஒரு பாயைத் தூக்கிப் போட்டார், ஏறினார். அடுத்ததைத் தூக்கிப் போட்டார், ஏறினார். தட்டல் பெரிதாகிக்கொண்டே வந்தது. கரை கிட்டத்தில்தான் இருந்தது. இன்னும் ஒரு பாய் போட்டால் போதும். அந்தப் பாயை அவர் தூக்கவில்லை. அனுபவசாலி, சத்தம் மாறியது புரிந்துவிட்டது. மெஷினின் நீண்ட கையைச் சட்டென்று கரைப் பக்கம் திருப்பி, வாளியைக் கற்கள் மேல் இறக்கினார். இறக்கியதும் உள்ளே எதுவோ உடைகிற சத்தம் கேட்டு இன்ஜின் நின்றது. அப்புறம் அலைச் சத்தம் மட்டும்தான்.

லெட்சுமணன் அந்த இரும்புக் கையின் மேலேயே தவழ்ந்து வந்தார். எண்ணெய் வழுக்கியது, கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு தரம் அவர் கால் நழுவியது. வசந்தன் வாளியின் மேல் ஏறிக் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். பிடித்த பிடியை, கரைக்கு வந்து உட்கார்ந்த பிறகும் விடவில்லை.

இரண்டு பேரும் மெஷினின் சங்கிலிச் சக்கரம் மூழ்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லெட்சுமணன்தான் வாயைத் திறந்தார்.

"காலையிலேயே சத்தம் ஒரு மாதிரி இருந்துச்சு மாப்ள. திரும்பிடலாமான்னு பாத்தேன்லா. விளக்க பாத்தேன், எரியல. எரிஞ்சிருந்தா கரைக்கு வந்திருப்பேன்."

வசந்தன் அவர் கையை விட்டார்.

"எரியாது மச்சான். நான்தான் எரிய விடாம பண்ணிட்டேன்."