பறந்து வந்த உப்பு

இன்று உப்புப் பொட்டலம் கிழிந்து விரலில் ஒட்டியதும், ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்துத் தம்பின் ரப்பர் தோட்டத்து ரயில்பாதை எனக்குள் கடகடவென்று ஓடத் தொடங்கிவிட்டது. உப்புக்கு நாக்கு ஏங்கிய நாட்கள் அவை. எஞ்சினில் கரி அள்ளிப்போட்ட அப்பா, நிற்காத வண்டியிலிருந்து, பாதையோரம் காத்து நின்ற எங்களுக்கு நேரே வந்ததும் உப்பு மூட்டையைக் கையிலிருந்து விட, அது வண்டி வேகத்தோடு எங்களைத் தாண்டிப் பறந்து, சதுப்பில் விழுந்து கரைந்தது.

"பாத்துப் போடத் தெரியுதா ஒங்கப்பனுக்கு!" என்று அம்மா தலையிலடித்துக்கொண்டாள்.

அக்கா சிரித்தாள். "ரயிலோட வந்தது ரயிலு மாதிரித்தாம்மா ஓடும். நம்மகிட்ட வர்றதுக்கு முன்னாலயே விடணும்லா!"

வீட்டுக்கு வந்த அப்பாவிடம் அக்கா சொல்லிவைத்து, நாங்கள் நிற்குமிடத்துக்கு வெகுமுன்பே ஒரு ரப்பர் மரத்தில் தன் சிவப்புத் தாவணியைக் கட்டினாள். அடுத்த முறை வண்டியில் வந்த அப்பா, தாவணியைக் கண்டதும் மூட்டையை விட்டார். மூட்டை புகைக்குள் பறந்து, வளைந்து, இறங்கி, அம்மா விரித்த முந்தானையில் தொப்பென்று விழுந்தது! முதல் கல் உப்பை அம்மா அக்காவின் நாக்கில் வைத்தாள்.