ஏழாம் இலக்க ஓவரோல்

எனக்குச் சந்தேகப் புத்தி. மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்த பிறகும் வியாபாரியின் முகத்தை இன்னொரு தரம் பார்ப்பேன். வளைகுடாவில் ஓர் எண்ணெய்க் கம்பனியின் களஞ்சியத்தில் பதினொரு வருடம் இருந்ததில் அந்தப் புத்தி நன்றாக முற்றிவிட்டது. ஊர் திரும்பி, கல்முனையிலிருந்து சம்மாந்துறைக்குப் போகும் வழியில் ஓர் அரிசி ஆலையில் களஞ்சியப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். முதலாளிக்கு என்னிடம் பிடித்ததும் அதுதான்.

நெல் அவிக்கிற பொயிலருக்கு அங்கே உமிதான் விறகு. உலைக் கதவைத் திறக்கும்போது சிலவேளை உமித்தூசு பக்கென்று பற்றி, தீ வெளியே பாயும். அதற்கு முன்னால் நிற்கிறவர் மருதமுனைக்காரர், மூன்று பிள்ளைகளின் வாப்பா. சாரனும், ஏதோ உதைபந்தாட்டக் கழகத்தின் ஜேர்சியும்தான் அவருடைய வேலை உடுப்பு. அந்த ஜேர்சித் துணி சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். அப்படி ஒட்டிய ஒரு முதுகை நான் வளைகுடாவில் பார்த்திருக்கிறேன். ஆகவே தீ பரவாத உடுப்பு வாங்கியே ஆகவேண்டும் என்று முதலாளியைக் கரைச்சல்படுத்தியது நான்தான்.

கொழும்பு வியாபாரி காட்டிய சான்றிதழை நான் நம்பவில்லை. ஓர் ஓவரோலின் உள்மடிப்பில் துண்டு வெட்டி, அவர் முகம் சுருங்கச் சுருங்க, லைட்டரால் கொளுத்தினேன். கறுத்தது, லைட்டரை எடுத்ததும் அணைந்தது. பன்னிரண்டு வாங்கினேன். கடும்நீலம், மேலும் கீழும் ஒன்றாகத் தைத்தது, எல்லாம் பெரிய அளவு. ஒவ்வொன்றின் கொலருக்குள்ளும் இலக்கம் எழுதினேன். ஏழாம் இலக்கம் உலைக்காரருக்கு.

முதல் வாரம் எல்லோரும் மாப்பிள்ளைக் கோலத்தில் வந்தார்கள். இரண்டாம் வாரம் ஓவரோல்கள் ஆணியில் தொங்கின, ஆட்கள் பழையபடி சாரனில் நின்றார்கள். கேட்டால் இந்த அண்ணனுக்கு எல்லோரிடமும் ஒரே பதில்: "வெக்கையா இரிக்கி காக்கா." உச்சி வெயிலில் வயலில் நெற்சூடு அடித்துப் பழகியவர்களுக்கு வெக்கையாம்! இதில் வேறு ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

பதினொரு ஆணியில் பதினொன்று தொங்கியது. ஏழாவதை மூன்று வாரமாகக் காணவில்லை. உலைக்காரரைக் கேட்டேன்.

"ஊட்ட இரிக்கி காக்கா. கழுவப் போட்ட" என்றார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

மூன்று வாரமாக ஓர் உடுப்பைக் கழுவுவார்களா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று முடிவு கட்டினேன். விற்றுவிட்டார். வயலுக்கு மருந்தடிக்கிறவர்கள் இப்படியான உடுப்புக்கு அலைகிறார்கள் என்று யாரோ சொன்னது வேறு காதில் விழுந்திருந்தது. ஒரு நாள் வீரமுனைப் பக்கம் வயலுக்குள் நீல உடுப்போடு ஒருவர் மருந்தடிப்பதைக் கண்டு, மோட்டார் சைக்கிளை வாய்க்கால் கட்டில் போட்டுவிட்டு வரம்பு வழியே ஓடினேன். கிட்டப் போனால், அது ஏதோ கராஜின் பழைய உடுப்பு.

"ஆரத் தேடுறீங்க தம்பி?" என்று அந்த மனிதர் கேட்டார். வழி தவறிவிட்டேன் என்று சொல்லித் திரும்பினேன். வயலுக்குள் வழி தவறியவனை அவர் என்ன நினைத்தாரோ!

கோபம் தணியவில்லை. அடுத்த நாள் விடியவே ஆலைக் கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டினேன். ஓவரோலைத் தொலைத்தாலோ, வெட்டினாலோ, மாற்றித் தைத்தாலோ வேலை இல்லை. இலக்கத்தை மறைத்து விற்க இடம் வைக்கக்கூடாதல்லவா?

இரண்டு கிழமை கழித்து உலை வெளியே சீறியது. உலைக்காரர் கையைக் குறுக்கே கொடுத்திருக்கிறார். முகம் தப்பியது. முழங்கைக்குக் கீழே ஜேர்சியின் நீளக்கை உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அதைத் துண்டு துண்டாக எடுத்தபோது அவர் கத்தியது வெளி விறாந்தை வரை கேட்டது. விற்றவனுக்கு இப்போது விளங்கியிருக்கும் என்று நான் நினைத்தேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அவர் வீடு வந்த பிறகு அப்பிளும் பால்மாவும் வாங்கிக்கொண்டு மருதமுனைக்குப் போனேன். நோய் பார்க்கப் போவதாகப் பேர். கதிரையில் இருந்து இரண்டு கதை கதைத்ததும் ஏழாம் இலக்கத்தைக் கேட்டேன்.

அவர் உள்ளே பார்த்தார். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மனைவியின் கை ஒரு பையை நீட்டியது. பைக்குள் ஒரு சட்டை, ஒரு காற்சட்டை. கொலரைத் திருப்பினேன். ஏழு. ஓவரோலை இடுப்பில் இரண்டாக வெட்டி, காலில் மிச்சமான நீளத்தை எடுத்துச் சட்டைக்குக் கீழே ஒட்டுக் கொடுத்து, காற்சட்டைக்கு நாடா கோத்திருந்தார்கள்.

"ஏன் வெட்டின?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "கக்கூசுக்குப் போனா மேலால முழுசாக் கழட்டணும் காக்கா. உடுப்புக் கை ரெண்டும் கக்கூஸ் ஈரத்துல கிடந்து இழுபடுது. ளுஹரும் அஸரும் மில்லுலதான் தொழுற. அந்த நஜீசோட, அசுத்தத்தோட எப்பிடித் தொழுற? எல்லாருக்கும் அதுதான். இத உங்கள்ட்ட எப்பிடிச் சொல்ற?"

வளைகுடாவில் ஆயிரக்கணக்கான ஓவரோல்களை நான் எண்ணிக் கொடுத்திருக்கிறேன். ஒன்றையாவது ஒரு நாள் போட்டதில்லை. அப்போதும் என் புத்தி விடவில்லை. தையலிலிருந்து ஒரு நூலை உருவி லைட்டரால் கொளுத்தினேன். உருகவில்லை, சாம்பலானது.

"பருத்தி நூல்தான் காக்கா. நெருப்புக்குப் போற உடுப்பெண்டு எங்களுக்குத் தெரியாதா?" என்றது திரைச்சீலை.

"பிறகு ஏன் தம்பி போடல்ல?"

"போடத்தான் கொண்டு வந்த. சைக்கிள்ள பையக் கொழுவிக்கிட்டு கேற்றடிக்கு வந்தா உங்கட நோட்டீஸ். வாசிச்சிட்டு பையத் திருப்பிக் கொண்டு போன."

கட்டுப்போட்ட அந்தக் கையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நெருப்புக்குப் பயந்து நான் வாங்கிக் கொடுத்த உடுப்பை அவர் எனக்குப் பயந்து ஒளித்திருக்கிறார். மாப்புக் கேட்டேன். அவர் "சே, விடுங்க காக்கா" என்றார். அது இன்னும் சுட்டது.

மற்றப் பதினொன்றையும் இதேபோல் வெட்டித் தைத்துத் தர முடியுமா என்று உள்ளே கேட்டேன். திரைச்சீலைக்குக் கீழால் பிள்ளையின் அப்பியாசக் கொப்பியும் பேனையும் வந்தன.

"வெட்டச் சொன்ன நீங்கதான் எண்டு எழுதித் தாங்க."

எழுதிக் கொடுத்தேன். உள்ளே வாசிக்கும் முணுமுணுப்புக் கேட்டது. கொப்பி திரும்பி வந்தது.

"கையெழுத்து வைக்கல்லயே காக்கா."