ஆரல்வாய்மொழிக் காற்றும் மூன்றாவது பிளக்கும்

பஸ் முதலாளியே, நீர் சொல்வது பொய்.

பெயர் போடவில்லை. நாகர்கோவிலிலிருந்து வள்ளியூருக்குப் பச்சை பஸ் விடுகிற ஆள் யார் என்று ஊருக்கே தெரியும். "டிரைவர் மைதீன் காற்றுக்குப் பயந்து நடுவழியில் வண்டியை நிறுத்தினான், அதனால் வேலையை விட்டு நீக்கினேன்" என்று பஸ் ஸ்டாண்டில் நின்று சொல்லி வருகிறீர். அந்த வண்டியில் நான் இருந்தேன்.

வாராவாரம் யாரையாவது திட்டுகிறேன் என்று எனக்குக் கடிதம் எழுதும் வாசகர்களே, இந்த வாரம் ஒருவரைப் புகழவும் போகிறேன். கேளுங்கள்.

ஆடி மாதக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வள்ளியூரிலிருந்து திரும்பும்போது ஆரல்வாய்மொழிக் கணவாயில் நேர் முகத்தில் அறையும். பஸ் மாட்டுவண்டி போல ஊரும். ஏன் என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில் - காற்று. நேரம் தவறினால் காற்று. வண்டி விக்கினால் காற்று. நானும் பல வருஷமாக அதையே சொன்னவன்தான்.

போன வெள்ளிக்கிழமை காலை தங்கை வீட்டுக்குப் போக அந்தப் பஸ்ஸில் ஏறினேன். வண்டியின் முன்னால் கைப்பிடியைப் போட்டு எட்டு ஒன்பது தடவை சுற்றிய பிறகுதான் எஞ்சின் பிடித்தது. தோவாளை தாண்டியதும் வண்டி உலுக்கியது. கொஞ்சம் ஓடும்... விக்கும்... பின்னால் ஒரு வெடி வெடிக்கும். எரியாத பெட்ரோலின் நாற்றம் வேறு. சுங்கச் சாவடிக்குச் சற்று முன்னால் டிரைவர் மைதீன் வண்டியை ஓரங்கட்டினார்.

எனக்குக் கோபம் வந்தது. "காத்துக்கெல்லாமா வண்டிய நிறுத்துவாவ? பைய ஓட்டும்வே" என்று கத்தினேன்.

தோவாளையில் பூக்கூடையோடு ஏறிய பெண்ணும் சேர்ந்துகொண்டாள். "பிச்சிப்பூ வாடிச்சுன்னா நீரா வாங்குவீரு?"

மைதீன் யாரையும் ஏசவில்லை. என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, செத்த கீழ எறங்கி நில்லுங்கோ" என்றார்.

இறங்கினேன். தோளில் கிடந்த துண்டைக் காற்று பிடுங்கிக்கொண்டு போனது.

"துண்டு எந்தப் பக்கம் போச்சு?"

"முன்னால போச்சு."

"வண்டி எந்தப் பக்கம் போவுது?"

துண்டு வள்ளியூர்ப் பக்கம் பறந்திருந்தது. காற்று எங்கள் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸைத் தள்ளுகிற காற்றை, தடுக்கிறது என்று இருபது பேர் நம்பி உட்கார்ந்திருந்தோம்!

"ஒம்ம துண்டுக்கு வழி தெரியுது, ஒமக்குத்தான் தெரியல்ல" என்றாள் பூக்காரி.

மைதீன் எஞ்சினை ஓடவிட்டு மூடியைத் தூக்கினார். நான்கு பிளக்குகள். மரப்பிடி போட்ட திருப்புளியை எடுத்து, அதன் இரும்பு ஒரே நேரத்தில் பிளக்கின் தலையிலும் எஞ்சினிலும் படும்படி வைத்தார். அப்படி வைத்தால் அந்தப் பிளக்கில் பொறி நின்றுவிடும். முதல் பிளக்கில் வைத்ததும் சத்தம் தடுமாறியது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் வைத்தார்... ஒன்றும் ஆகவில்லை. எஞ்சின் முன்பு போலவே விக்கிக்கொண்டு ஓடியது. நான்காவதில் மறுபடி தடுமாற்றம்.

"உயிரோட இருக்கத அமுக்கினா சத்தம் மாறும். செத்தத அமுக்கினா என்ன மாறும்? மனசிலாச்சா?"

எஞ்சினை நிறுத்தி, துணியால் பிடித்து மூன்றாவது பிளக்கைக் கழற்றினார். நுனி கரியாக இருந்தது. பொறி பறக்க வேண்டிய முனை தேய்ந்து, இடைவெளி அகன்றுவிட்டது.

"மொதலாளிட்ட ஒரு மாசமா சொல்லுதேன். காலம்பற ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கு, பெட்ரோல் கூடுதலாக் குடிக்கு, பிளக்கு மாத்தணும்னு. உப்புத்தாள் வச்சுத் தேச்சு மாட்டுலே, காத்து ஓஞ்சா சரியாவும்ங்காரு."

"அதுக்கு இங்க என்னத்துக்கு நிறுத்தணும்? வள்ளியூர்ல போயிப் பாக்கலாம்லா?" என்றேன். அப்போதும் எனக்கு வீம்பு.

"போற வழில முப்பந்தல் காட்டுக்குள்ள நின்னா யாரக் கூப்பிடுவிய? வண்டில பொம்பளையாளுவ இருக்காவல்லா."

தன் பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்த புது பிளக்கை மாட்டினார். கைப்பிடியை இரண்டே சுற்று. எஞ்சின் பிடித்தது. அதன் பிறகு ஒரு விக்கல் இல்லை, ஒரு வெடி இல்லை. வள்ளியூரில் இறங்கும்போது பூக்காரி ஒரு முழம் பிச்சியை எடுத்து ஸ்டீயரிங்கில் கட்டிவிட்டுப் போனாள். பூ வாடியிருக்கவில்லை.

மறுநாள் மைதீனுக்கு வேலை இல்லை.

காற்றுக்குப் பயந்தவன் என்று பெயர் வாங்கியவருக்கு இந்த ஊரில் வேறு எந்த முதலாளி ஸ்டீயரிங்கைக் கொடுப்பார்? நேற்று இடலாக்குடியில் அவர் வீட்டுக்குப் போனேன். வேலை கேட்ட இரண்டு இடத்திலும் அதைச் சொல்லியே அனுப்பிவிட்டார்களாம். உம்மைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. "மத்த மூணு பிளக்கும் கொஞ்ச நாள்தான் தாங்கும். புது டிரைவர்ட்டச் சொல்லிருங்கோ" என்றார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

நம் ஊரில் எது கெட்டாலும் பழி போட ஒரு காற்று இருக்கிறது. அது எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்க்க, எனக்குத் தெரிந்து, ஒரே ஒரு ஆள் இருந்தார். அவரைத்தான் நீர் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்.

செத்த பிளக்கை மைதீனிடம் கேட்டு வாங்கி வந்தேன். என் மேஜை மேல் இருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம்.

முதலாளியே, பஸ் ஸ்டாண்டில் பேசியது போதும். இதே பத்திரிகையில் உம் பெயரைப் போட்டு எழுதும் - வெள்ளிக்கிழமை காலை காற்று எந்தப் பக்கம் அடித்தது?