கதவை அறுக்கத் துணிந்த நாள்

நண்பர்களே, இன்று, 1998 ஜூன் 14, ஞாயிறு காலை, குமணன்சாவடியில் கார் ஸ்டீரியோ பொருத்தும் கடைக்குச் சென்றேன்.

காரோடு வந்த ஸ்பீக்கரில் எந்தப் பாட்டும் கரகரவென்றே கேட்டது. பெரிய ஸ்பீக்கர் பொருத்த வேண்டுமானால் கதவின் உட்புறத் தகட்டை வட்டமாக அறுக்க வேண்டுமாம். பணி ஓய்வுக்குப் பின் ஆசையாக வாங்கிய கார். அதில் ஒரு கீறல்கூட விழ விட்டதில்லை.

மனைவியோ, "அறுத்தா அறுக்கட்டும். இந்த இரைச்சலோட இனிமே நான் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

கடைக்காரர் பாட்டைப் போடச் சொல்லி, கதவருகே காதை வைத்துக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"இன்னா சார், வண்டி வாங்கி எத்தினி நாளாவுது?"

"வரும் புதன்கிழமையோடு ஒன்பது மாதம்."

"ஒம்போது மாசமா கதவுல பிளாஸ்டிக் கவரு பிரிக்காம வெச்சிகினு கீறீங்களே! ஸ்பீக்கரு மேல ஒட்டிகினு அதான் சார் அதிருது."

சர்ரென்று உரித்தெடுத்தார். பாடகருக்குச் சளி நீங்கியது. எனக்கும் மூச்சு வந்தது.

மாலையில் மனைவி ஆவடிவரை பாட்டுக் கேட்டபடியே உடன் வந்தாள்.

இருக்கைகளின் உறைகளை மட்டும் இன்னும் பிரிக்கவில்லை. அவற்றை எத்தனை மாதம் காக்கலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்கவும்.