காட்டுக்கு ஒரு டேர்மின்

என் கணவருக்கு நான் சொன்ன பொய்கள் கொஞ்சமல்ல. புதுச் சேலையைப் பழசு என்றிருக்கிறேன், உப்பில்லாத கறியை உப்புப் போட்டது என்றிருக்கிறேன். அவற்றுக்கெல்லாம் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. ஒரு பொய்க்கு மட்டும் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். அது ஒரே ஒரு சொல்: டேர்மின்.

ஜெர்மனியில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வைத்தியரோ அரசாங்க அலுவலகமோ குறித்துக் கொடுக்கிற நாளும் நேரமும்தான் டேர்மின். அகதியாக வந்து இறங்கிய முதல் கிழமையே நாங்கள் கற்றுக்கொண்ட சொல் அது. அதைத் தவறவிட்டால் என்ன நடக்கும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனாலேயே யாரும் தவறவிட்டதில்லை.

என் மனுசன் ஒரு படி மேல். டேர்மின் என்றால் விடியவே எழும்பிக் குளித்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு மணித்தியாலம் முன்பே வாசலில் நிற்பார். கக்கத்தில் ஓர்ட்னர் இருக்கும். ஓர்ட்னர் என்பது இரண்டு வளையம் வைத்த தடித்த கோப்பு. இந்த நாடு எங்களுக்கு அனுப்பிய கடிதங்களில் முக்கியமானவை எல்லாம், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைகளில், ஆண்டு வாரியாக அதற்குள் இருக்கின்றன. கல்யாண அல்பத்தைக்கூட அவர் இவ்வளவு கவனமாக வைத்ததில்லை.

டோர்ட்மண்டில் இரும்பு வார்க்கிற ஆலை ஒன்றில் முப்பது வருடம் வேலை செய்தவர். முதுகில் சத்திரசிகிச்சை நடந்தது, அதோடு வேலையும் முடிந்தது. அதற்குப் பிறகு பதினான்கு மாதம் யன்னலோரக் கதிரையில் இருந்தார். தொலைக்காட்சி ஓடும், அவர் யன்னலைப் பார்ப்பார். நான் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை முடித்து வரும்போது, காலையில் எப்படி விட்டுப் போனேனோ அப்படியே இருப்பார். தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை கட்டியிருக்கும்.

வைத்தியர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டுச் சொன்னார். முதுகு நன்றாகவே ஆறிவிட்டதாம். ஆனால் மனிதர் நடக்கவேண்டும், இந்த வருடமே நடக்கவேண்டும், இல்லையென்றால் பிறகு நடக்க நினைத்தாலும் கால் கேட்காது. எனக்குக் காலைப் பற்றிய பயம் பாதிதான். வாயைப் பற்றிய பயம் மீதி. பகிடி விட்டுச் சிரிக்கவைத்தே என்னைக் கட்டிய மனுசன், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவதில்லை. அவர் என் கண் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தார்.

"வாங்கோவன், சும்மா கொஞ்சத் தூரம் நடந்திட்டு வருவம்" என்று கேட்பேன்.

"சும்மாவோ? எனக்கு ஏலாது" என்பார்.

சும்மா என்ற சொல்தான் அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஆலைக்குப் போவது வேலை, கடைக்குப் போவது சாமான், கோயிலுக்குப் போவது நேர்த்தி. சும்மா போவதற்கு அவரிடம் எந்தக் காரணமும் இருக்கவில்லை. சத்தியமாக எனக்குக் கோபம்தான் வந்தது. பல நாள் அகப்பையைத் தட்டில் ஓங்கி வைத்திருக்கிறேன்.

பங்குனி மாதம், நான் வேலை செய்கிற இல்லத்தின் வரவேற்பு மேசையில் ஒரு புத்தகம் கிடந்தது. நகரசபை வளர்ந்தவர்களுக்காக நடத்துகிற வகுப்புகளின் பட்டியல். மொழி, கணினி, தையல் என்று புரட்டிக்கொண்டு போனால், ஓரிடத்தில் "காட்டில் வசந்தம்" என்று இருந்தது. நான்கு சனிக்கிழமை, காலை பத்து மணி. பறவை, செடி, மரம். முன்னறிவு தேவையில்லை. வெங்காயம் உரித்த கையைத் துடைத்துவிட்டு, போனிலேயே இரண்டு பேரையும் பதிந்துவிட்டேன். பதிந்த பிறகுதான் யோசித்தேன். இவரை எப்படிக் கொண்டு போவது?

அன்று பின்னேரம் சொன்னேன். "இஞ்சாருங்கோ, வாற சனிக்கிழமை பத்து மணிக்கு எங்களுக்கு ஒரு டேர்மின் வந்திருக்கு. ரெண்டு பேருக்கும்."

கதிரை கிரீச்சிட்டது. "எங்கயிருந்து?"

"நகரசபையிலயிருந்து." அது பொய் இல்லைதானே.

"கடிதம் எங்க?"

"போனிலதான் வந்தது. இப்ப எல்லாம் போனிலதானே."

"என்ன கொண்டு வரட்டாம்?"

"தண்ணிப் போத்தில். நல்ல சப்பாத்து."

எந்த அலுவலகம் தண்ணிப் போத்தில் கொண்டு வரச் சொல்லும்? சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "சரி" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

சனிக்கிழமை ஏழு மணிக்கே சட்டை இஸ்திரி போட்டாயிற்று. கக்கத்தில் ஓர்ட்னர். காலுக்குப் போட எனக்கு நல்ல சப்பாத்து என்று எதுவும் இல்லை, சமையலறையில் போடுகிற வெள்ளைச் சப்பாத்தைத்தான் போட்டுக்கொண்டேன். பஸ்ஸின் கடைசித் தரிப்பில் இறங்கினோம். எதிரே காடு. வாசல் இல்லை, இலக்கம் கூப்பிடுகிற பலகை இல்லை. பச்சை மழைச்சட்டை போட்ட ஒரு பெண்ணும், அவளைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேரும் நின்றார்கள். அத்தனை பேரும் முதுகுப் பையோடு. இவர் மட்டும் கோப்போடு. இனி வீட்டுக்குத்தான் திரும்பப் போகிறோம் என்று நினைத்து, என் பயணச்சீட்டைக் கையிலேயே வைத்திருந்தேன்.

அந்தப் பெண்தான் ஆசிரியை. நாற்பது வயதிருக்கும். எல்லோரும் ஏன் வந்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள். ஒருவர் பறவை பிடிக்கும் என்றார். ஒருத்தி புதிதாக இந்தப் பக்கம் குடிவந்ததாகச் சொன்னாள். எங்கள் முறை வந்தது. இவர் நிமிர்ந்து நின்று, தெளிவான ஜெர்மன் மொழியில், "எங்களுக்கு டேர்மின் இருக்கிறது" என்றார்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆசிரியை சிரிக்கவில்லை. கையிலிருந்த பட்டியலில் விரலை ஓடவிட்டாள். "ஆமாம், இருக்கிறது. இரண்டு பேர், பத்து மணி. சரியான நேரத்துக்கு வந்திருக்கிறீர்கள்" என்று சொல்லி, பெயருக்கு நேரே சரி போட்டாள். அந்தப் பேனாவைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

நடக்கத் தொடங்கினோம். அவருடைய முதுகுக்கு இது தாங்குமா என்று நான் பயந்தது வீண். தாவரம் படித்தவர்களோடு நடப்பது நடையே இல்லை. பத்தடி போனால் ஒரு பூ, அதைச் சுற்றிக் குனிந்து ஐந்து நிமிடம். இன்னும் பத்தடி போனால் ஒரு பாசி. இரண்டு மணித்தியாலத்தில் எங்கள் வீட்டிலிருந்து தபால் நிலையம் வரைக்குமான தூரம்கூடப் போகவில்லை. வெட்டிப் போட்ட மரம் கண்ட இடத்தில் இவர் இருந்துகொள்வார். எல்லோரும் அவருக்காக நிற்பதுபோல இருக்காது, எல்லோரும் எப்படியும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

ஓரிடத்தில் ஆசிரியை கையை உயர்த்தினாள். எல்லோரும் மூச்சை அடக்கினோம். உச்சிக் கிளையில் ஒரு சின்னக் குருவி, ட்சில்ப் ட்சல்ப், ட்சில்ப் ட்சல்ப் என்று ஓயாமல் கத்தியது. ஜெர்மன் மொழியில் அதற்குப் பெயரே ட்சில்ப்ட்சல்ப்தானாம்.

இவர் என் பக்கம் சரிந்தார். "தன்ர பேரைத் தானே சொல்லிக்கொண்டு திரியுது. அலுவலகத்தில பதியிறதுக்கு லேசு. எங்கட பேரை எழுத்துக் கூட்டிக் குடுத்த மாதிரி இல்லை" என்றார்.

பதினான்கு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் பகிடி. குருவியைப் பார்க்கிற சாட்டில் நான் தலையை நன்றாக அண்ணாந்து வைத்துக்கொண்டேன். கண்ணீர் கீழே விழாமல் இருக்க அதுதான் வழி.

முடிகிற நேரம் ஆசிரியை மரத்துக்கு ஒன்றாக இலை பறிக்கச் சொன்னாள், அடுத்த கிழமை கொண்டு வரவேண்டுமாம். எல்லாம் அப்போதுதான் விரிந்த இளம் இலை, தொட்டால் மடிந்துவிடும். சட்டைப் பைக்குள் வைத்தார்கள், ரொட்டிப் பெட்டிக்குள் வைத்தார்கள். இவர் மரக்குற்றியில் இருந்து ஓர்ட்னரைத் திறந்தார். எப்போதும் கடைசியில் பத்துப் பதினைந்து வெறும் உறைகள் வைத்திருப்பார், எந்த அலுவலகம் எந்தத் தாளை நீட்டும் என்று தெரியாதல்லவா. ஓர் உறைக்குள் இலையை விட்டு, விரலால் நீவி, மரத்தின் பெயரைச் சின்னத் துண்டில் எழுதி உள்ளே வைத்தார். அவர் தலை நிமிர்ந்தபோது முன்னால் வரிசை நின்றது. முதலில் சிரித்த மனிதரும் அந்த வரிசையில் இலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் ஒரு வார்த்தை இல்லை. பொய் பிடிபட்டுவிட்டது, இப்போது வெடிக்கும் என்று வீடு வரைக்கும் காத்திருந்தேன். வெடிக்கவில்லை. சாப்பிட்டார், படுத்தார், நன்றாக நித்திரை கொண்டார். கிழமை முழுக்க அந்தப் பேச்சே எடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை நான் எழும்பி வந்தபோது சவரம் முடிந்திருந்தது.

இரண்டாவது நாள் காட்டுப் பூண்டு. கீரை போலத் தரையெல்லாம் விரிந்து கிடக்கும், காடே பூண்டு வாசம். அதைப்போலவே இலையுள்ள, வெள்ளை மணிப்பூப் பூக்கிற நஞ்சுச் செடி ஒன்றும் உண்டு. பூண்டு இலை ஒன்றைக் கிள்ளியதுமே கையெல்லாம் மணக்கும், ஆகவே மணத்தை நம்பக்கூடாது, தண்டைப் பாருங்கள் என்றாள் ஆசிரியை. பூண்டு இலை ஒவ்வொன்றும் தனித் தண்டில் நிலத்திலிருந்து வரும், நஞ்சுச் செடியில் இரண்டு இலை ஒரே தண்டில் வரும். பறிக்க அனுமதி உள்ள இடத்தில் ஒரு கைப்பிடி பறித்தோம். வீட்டில் தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்தேன். இவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நீர் முதல் சாப்பிடும். அரை மணித்தியாலம் பாப்பம்" என்றார். நான் அகப்பையைக் காட்டினேன். பிறகு மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார்.

மூன்றாவது சனிக்கிழமைதான் எனக்குச் சோதனை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஆள் இல்லை, வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அவர் தனியே போகமாட்டார், தனியே விட்டால் எல்லாம் பழையபடி கதிரைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டே போனேன். அன்று உருளைக்கிழங்கை இரண்டு தரம் கழுவினேன். இரண்டு மணிக்கு வீடு வந்து கதவைத் திறந்தால், கதிரை வெறுமையாக இருந்தது. அந்த வெறும் கதிரையைப் பார்த்து எவ்வளவு சந்தோசப்பட்டேனோ, மூன்று மணியாகியும் ஆள் வராதபோது அவ்வளவு பயந்தேன். நான்கு மணிக்கு வந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. முதல் நாள் சிரித்த மனிதரும் இரும்பாலையில் வேலை செய்தவராம். இரண்டு பேரும் உலைகளைப் பற்றிக் கதைத்துக் கதைத்துக் காட்டை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டார்களாம்.

கடைசி நாளில் ஆசிரியை ஒரு வேலை செய்தாள். கலந்துகொண்டதற்குச் சான்றிதழ் தருவீர்களா என்று இவர் முதல் வகுப்பிலேயே கேட்டிருக்கிறார், எனக்குத் தெரியாது. அவள் எல்லோருக்குமே அச்சடித்துக் கொண்டு வந்திருந்தாள். இவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முத்திரை?" என்றார். அவள் ஓர் இலையைக் கசக்கிப் பெருவிரலில் பூசி, கையெழுத்துக்குப் பக்கத்தில் பச்சையாகக் குத்தினாள். பிறகு எல்லோரும் முத்திரை கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மேசையில் ஓர்ட்னரை விரித்துச் சான்றிதழுக்கு உறை தேடிக்கொண்டிருந்தார். இனி மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

"நான் ஒண்டு சொல்லோணும். அது டேர்மின் இல்லை. நான்தான் காசு கட்டிப் பதிஞ்சனான். உங்களைப் பேய்க்காட்டிப்போட்டன்."

அவர் நிமிரவில்லை. "சனிக்கிழமை எந்த அலுவலகமப்பா திறந்து கிடக்குது? முப்பது வருசமா இந்தக் கடிதங்களோட கிடக்கிற எனக்கு அது தெரியாதோ?"

"அப்ப ஏன் வந்தனீங்கள்? அந்த ஓர்ட்னரையும் காவிக்கொண்டு?"

உறையின் விளிம்பை நீவிக்கொண்டே சொன்னார். "ஏலாது, ஏலாது எண்டு சொல்லிச் சொல்லிப் பிறகு அதைவிட்டு எப்பிடி இறங்கிறது எண்டு தெரியேல்லை. நீர் டேர்மின் எண்டு சொன்னனீர். டேர்மின் எண்டா நான் போகத்தானே வேணும்."

நான் அழுதேன். இதை எழுதும்போதும் அழுகை வருகிறது. பதினான்கு மாதமும் அந்தக் கதிரையிலிருந்து அவரும் ஒரு வழி தேடிக்கொண்டிருந்திருக்கிறார், நான் அகப்பையைத் தட்டில் ஓங்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் புத்தகத்தை வரவேற்பு மேசையில் யார் போட்டார்களோ, அவர்களுக்கு நன்றி. சிரிக்காமல் பட்டியலைப் பார்த்தவளுக்கு எத்தனை தரம் சொன்னாலும் போதாது.

நான் முகம் துடைத்து வரும்வரை அவர் காத்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"இஞ்சாரும். புரட்டாதியில உமக்கு ஒரு டேர்மின் வந்திருக்கு. காளான் பாக்கிறதுக்கு. ரெண்டு பேருக்கும் பதிஞ்சிட்டன்."

நான் கேட்டேன். "என்ன கொண்டு வரட்டாம்?"

"தண்ணிப் போத்தில். நல்ல சப்பாத்து." கதவடியில் சேறு காய்ந்து கிடந்த என் சமையலறைச் சப்பாத்தை அவர் பார்த்தார். "அது உம்மட்ட இல்லை. வெளிக்கிடும், கடை பூட்ட முதல் போய் வாங்குவம்."