ஈரப்பதத்தை வெப்பமாகப் படித்த என் நிரல்

இன்று காலை சுங்கை புரோங்கில் உள்ள நெல் ஆலைக்குப் போனேன். அங்கே நெல் காய வைக்கும் டிரையருக்கு நிரல் எழுதியது நான்தான். போன வாரம் ஒரு லோரி நெல் அதிகச் சூட்டில் வெடித்து வீணாகிவிட்டது.

காரணம் சீக்கிரமே தெரிந்தது. என் நிரலில் திரைக்கான பகுதி சி மொழியில், சூட்டைக் கட்டுப்படுத்தும் பகுதி அசெம்பிளி மொழியில். சி மொழியில் ஒரு விவரத்தைப் பெயர் சொல்லி எடுக்கலாம். அசெம்பிளியில் அது நினைவகத்தில் எத்தனையாவது பைட்டில், அதாவது எத்தனையாவது இடத்தில், இருக்கிறது என்று நாமே எழுத வேண்டும். இரண்டும் பகிரும் விவரப் பட்டியலின் தொடக்கத்தில், சி பகுதியில், புதிதாக ஒன்றைச் சேர்த்தேன். மற்றவை எல்லாம் தள்ளிப்போயின. அசெம்பிளியில் பழைய எண்களையே விட்டுவிட்டேன்.

அதனால் அசெம்பிளிப் பகுதி வெப்பம் என்று படித்தது நெல்லின் ஈரப்பதத்தை. பதினெட்டு சதவீத ஈரத்தைப் பதினெட்டு டிகிரி என்று பார்த்துவிட்டு, சூடு போதவில்லையென்று ஏற்றிக்கொண்டே இருந்தது.

திரையில் மட்டும் சரியான வெப்பம் தெரிந்திருக்கிறது. அதைப் பார்த்து, சூடு ஏறிக்கொண்டே போகிறது என்று ஆபரேட்டர் முனியாண்டி அண்ணன் அன்றே எனக்குப் போன் செய்தார்.

"சென்சர் கோளாறா இருக்கும்ணே, விடுங்க லா," என்று சொல்லிவிட்டேன்.

இன்று மேனேஜரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"நெல்லு வீணானதுக்கு முனியாண்டிய நேத்தே வேலையிலருந்து நிப்பாட்டியாச்சும்மா. வேற ஆளும் வந்தாச்சு," என்றார்.

அண்ணன் தன் சாமான்களை எடுக்க வந்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"நீ படிச்ச புள்ள, சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்மா," என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நிரலைத் திருத்திவிட்டேன். டிரையர் இப்போது ஒழுங்காக ஓடுகிறது.

சபாக், சுங்கை ஆயர் தாவார் பக்கம் அண்ணனுக்கு ஆபரேட்டர் வேலை இருந்தால் கீழே எழுதுங்கள். சிபாரிசு யார் என்று அங்கே கேட்டால் என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.