பத்துப் பேருக்கு வேலை கொடுத்த பேங்க்

பேங்க் மேனேஜர்களில் நல்லவர்களும் உண்டு என்று சொல்வார்கள். இருக்கலாம். இரண்டாயிரம் பிறந்த புதிதில் ஜெயங்கொண்டத்தில் எனக்கு வாய்த்த ஆளுக்கு இன்றுவரை "அவர்" போட எனக்கு வாய் வரவில்லை.

அப்போது வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு முந்திரிக்கொட்டை வறுத்து உடைத்துக்கொண்டிருந்தேன். பத்துப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். காய்ப்புக் காலத்தில் கொட்டை மலிவு. அப்போதே மொத்தமாக வாங்கிப் போட்டால் வருஷம் முழுக்க அவர்களுக்கு வேலை. இல்லையென்றால் ஆடியோடு அடுப்பை அணைத்துவிட்டு அவர்களைக் களையெடுக்க அனுப்ப வேண்டியதுதான். அதற்குத்தான் லோன் கேட்டுப் போனேன்.

"தோப்பு உங்களோடதாம்மா?"

"இல்லைங்க சார். கொட்டைய வாங்கி உடைக்கிறோம்."

"அப்ப விவசாயத்துல வராது. மெஷின் வச்சிருக்கீங்களா?"

"கையாலதாங்க உடைக்கிறது."

"அப்ப தொழில்லயும் வராதே."

எதிலுமே வராதாம். அப்படியானால் பத்துப் பேரும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தப் புகையில் உட்கார்ந்து பல்லாங்குழியா ஆடினார்கள்? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பினேன்.

ஆட்களைக் கண்ணால் பார்த்தால் மனசு இறங்கும் என்று நினைத்தது என் புத்தி. பத்துப் பேரையும் நல்ல புடவை கட்டச் சொல்லி, பெண் அழைக்கப் போகிற மாதிரி பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். பார்த்ததும் மேனேஜருக்கு வாயெல்லாம் பல். மகளிர் குழுக்களுக்கு லோன் கொடுத்தே தீர வேண்டும் என்று மேலிடத்தில் அவனை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என்னை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவர்களை உள்ளே கூப்பிட்டான். முதலாளியம்மாவைக் குழுவில் சேர்க்க முடியாதாம். சில மாதத்தில் அந்தக் குழு லோனில் ஆளுக்கொரு கறவை மாடு வந்தது.

வாசலில் மாடு நிற்கும்போது எவள் வந்து புகையில் உட்காருவாள்? புல்லறுக்க வேண்டும், பால் ஊற்ற வேண்டும் என்று ஒவ்வொருத்தியாக நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லக் கூடாது. சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. கைக்காசு போட்டு வாங்கியிருந்த கொட்டையை உடைக்க ஆளில்லாமல், வந்த விலைக்குப் பண்ருட்டி வியாபாரியிடம் தள்ளிவிட்டுக் கொட்டகையைப் பூட்டினேன். அடுத்த மழைக்கு அடுத்தவர் கடலைக் கொல்லையில் நான் களையெடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பேங்கில் விழா வைத்தார்கள். நாற்காலியை நிரப்ப என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேனேஜர் மைக்கைப் பிடித்தான். "வேலையில்லாம இருந்த பத்துப் பெண்களுக்கு நம்ம கிளை வேலை கொடுத்திருக்கு!"

கூட்டம் கைதட்டியது. அந்தப் பத்துப் பேரும் தட்டினார்கள். நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்னிடம் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தவள். என் முழங்கையை இடித்தாள்.

"தட்டுங்கக்கா. நீங்க கூட்டியாந்ததாலதான எங்களுக்குக் கெடச்சுது."